இரும்பின் இரண்டு சாட்சியங்கள்

வீட்டுக் குடிநீர்க் கருவிகளின் செயல்விளக்கம் பற்றி ஒரு விமரிசனம்

நாடகத்துக்கு விமரிசனம் எழுதுகிறோம். திரைப்படத்துக்கும் நூலுக்கும் எழுதுகிறோம். வீட்டுத் திண்ணையில் பத்தே நிமிடத்தில் நடந்து முடியும் ஓர் அறிவியல் செயல்விளக்கத்தை மட்டும் விட்டுவிடுகிறோம். அந்தப் பத்து நிமிடத்தை நம்பித்தான் ஒரு குடும்பம் பத்தாயிரம், பதினைந்தாயிரம் ரூபாய்க்குக் குடிநீர்க் கருவி வாங்குகிறது. ஆண்டுதோறும் வடிகட்டி மாற்றச் செலவு செய்கிறது. எது நல்ல நீர், எது கெட்ட நீர் என்ற கருத்தையும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் மனத்தில் பதித்துக்கொள்கிறது. ஆகவே அந்தச் செயல்விளக்கத்தை, ஓர் அரங்கேற்றத்தைப் பார்ப்பது போல, ஆற அமர இருந்து பார்ப்போம்.

காட்சி இராஜபாளையத்துத் தெரு ஒன்றில் நடப்பதாக வைத்துக்கொள்வோம். விற்பனையாளர் இரண்டு கண்ணாடித் தம்ளர்களைக் கேட்டு வாங்குகிறார். ஒன்றில் வீட்டுக் குழாய் நீர். மற்றொன்றில் அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. நீர். கைக்கடக்கமான ஒரு பெட்டியை எடுக்கிறார். அதன் அடியில் இரண்டு இரும்புக் கம்பிகளும் இரண்டு அலுமினியக் கம்பிகளும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றைத் தம்ளர்களில் இறக்கி, மின் இணைப்புத் தருகிறார். ஓரிரு நிமிடங்களில் குழாய் நீர் மஞ்சளாகிறது, பின் பழுப்பாகிறது, மேலே நுரைபோல ஓர் ஆடை படிகிறது. ஆர்.ஓ. நீரோ பளிங்குபோல அப்படியே நிற்கிறது.

“பார்த்தீங்களாக்கா, இதைத்தான் பிள்ளைங்க தினமும் குடிக்குது!”

வீட்டு அம்மாள் திகைத்து நிற்கிறார். அடுத்து, பேனா போன்ற ஒரு சிறு கருவி நீரில் நனைகிறது. குழாய் நீருக்கு 140 என்றும் ஆர்.ஓ. நீருக்கு 20 என்றும் எண்கள் தெரிகின்றன. திரை விழுகிறது, முன்பணம் கைமாறுகிறது.

நடிப்பில் குறையில்லை. அறிவியலில் குறை இருக்கிறதா என்று பார்ப்பதே நம் வேலை.

பழுப்பு எங்கிருந்து வந்தது?

குழாய் நீரில் மறைந்திருந்த அழுக்கை மின்சாரம் வெளிக்கொண்டுவந்தது என்று பார்ப்பவர் எண்ணுகிறார். உண்மையில் அங்கு நடப்பது, பத்தாம் வகுப்பு மாணவர் அறிந்த மின்னாற்பகுப்பு. நேர்மின்வாயாக உள்ள இரும்புக் கம்பி எலக்ட்ரான்களை இழந்து, இரும்பு அயனியாக நீரில் கரைகிறது. எதிர்மின்வாயில் நீர் பிரிந்து ஹைட்ரஜன் வாயுவும் ஹைட்ராக்சில் அயனியும் தோன்றுகின்றன. இரும்பு அயனியும் ஹைட்ராக்சில் அயனியும் சேர்ந்தால் பச்சை கலந்த ஒரு வீழ்படிவு உண்டாகும். அது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து துருவின் நிறத்தை அடைகிறது. அலுமினியக் கம்பியிலிருந்து வருவது வெண்மையான கூழ்மம். ஹைட்ரஜன் குமிழிகள் இவற்றை மேலே தூக்கி வர, நுரையும் ஆடையும் உண்டாகின்றன.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 0.1 ஆம்பியர் மின்னோட்டம் ஒரு நிமிடம் பாய்ந்தால், பாரடேயின் விதிப்படி, ஏறத்தாழ 1.7 மில்லிகிராம் இரும்பு கரையும். தம்ளரில் 200 மில்லிலிட்டர் நீர் இருந்தால், லிட்டருக்கு எட்டு மில்லிகிராமுக்கு மேல் இரும்பு சேர்ந்துவிடுகிறது. நீரை மஞ்சளும் பழுப்புமாக்க இது தாராளமாகப் போதும். ஆக, நாம் கண்ட 'அழுக்கு' குழாயிலிருந்து வந்ததன்று. விற்பனையாளர் பையில் கொண்டுவந்த கம்பியிலிருந்து வந்தது.

ஆர்.ஓ. நீர் ஏன் நிறம் மாறவில்லை? மின்சாரத்தைத் தாங்கிச் செல்லும் உப்பு அயனிகள் அதில் மிகக் குறைவு. மின்னோட்டம் பாயவில்லை, கம்பியும் கரையவில்லை. நீர் தூய்மையானது என்பதற்கு இது சான்றாகாது. அதில் உப்பு குறைவு என்பதற்கு மட்டுமே சான்று. அந்தத் தம்ளரில் இரண்டு சிட்டிகை சமையல் உப்பைப் போடச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகிவிடும்.

மாணவர்கள் இதைச் சோதித்துப் பார்க்கலாம். வீட்டு மின்சாரத்தில் ஒருபோதும் செய்யக் கூடாது. அது உயிருக்கு ஆபத்து. 9 வோல்ட் மின்கலம் ஒன்று போதும். அதனுடன் இரண்டு சாதாரண இரும்பு ஆணிகளைக் கம்பியால் இணைத்து, ஆணிகள் ஒன்றையொன்று தொடாதவாறு குழாய் நீரில் தொங்கவிடுங்கள். காற்றோட்டமான இடத்தில் ஆசிரியர் முன்னிலையில் செய்யுங்கள். எவர்சில்வர் கரண்டி வேண்டாம். அதிலுள்ள குரோமியம் நீரில் இறங்கக்கூடும். அரைமணி நேரத்துக்குள் மஞ்சள் நிறம் தெரியும். பிறகு அதே குழாயிலிருந்து வேறு நீர் பிடித்து, ஆணிகளுக்குப் பதில் பென்சிலின் கரிக்குச்சிகள் இரண்டை வைத்துச் செய்யுங்கள். நீர் பழுப்பாகாது. நீர் அதேதான், மின்கலமும் அதேதான், கம்பி மட்டுமே மாறியது. பழுப்புக்குக் காரணம் எது என்று இனி யாரும் சொல்லத் தேவையில்லை.

ஒரு காரணியை மட்டும் மாற்றி, மற்றவற்றை அப்படியே வைத்துப் பார்ப்பது அறிவியல் முறையின் உயிர்நாடி. விற்பனையாளரின் செயல்விளக்கத்தில் விடுபட்டுப் போனது இதுதான்.

பேனா படிக்கும் எண்

இனி அந்தப் பேனாவுக்கு வருவோம். அதை டி.டி.எஸ். மீட்டர் என்கிறார்கள். நீரில் கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள்கள் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று அது காட்டுவதாகச் சொல்லப்படுகிறது. உண்மையில் அது அளப்பது நீரின் மின்கடத்துதிறனைத்தான். அதை ஒரு மாறிலியால் பெருக்கி, உப்பின் அளவாக மாற்றிக் காட்டுகிறது.

ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்துப் பாருங்கள். ஏறத்தாழ 5,000 மில்லிகிராம் திடப்பொருள் கரைந்துவிட்டது. பேனாவோ அசையாது, ஏனெனில் சர்க்கரை அயனியாகப் பிரிவதில்லை. அரைகிராம் உப்பைப் போட்டால் எண் ஐந்நூறு அளவுக்கு எகிறும். இளநீரில் நனைத்தால் ஆயிரங்களில் காட்டும். அதிலுள்ள பொட்டாசியம் முதலிய உப்புகளே காரணம். பேனாவின் எண்ணை 'அழுக்கு' என்று படித்தால், நோயாளிக்கு இளநீர் வாங்கிச் செல்வதையே நிறுத்த வேண்டியிருக்கும்!

பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுவோர் இதை எளிதில் புரிந்துகொள்வார்கள். பால்மானி பாலின் அடர்த்தியைச் சொல்லும். நீர் கலந்தால் காட்டிக்கொடுக்கும். நீரோடு சர்க்கரையும் கலந்தால் ஏமாந்துபோகும். மாட்டுக்கு நோய் உண்டா, பால் கறந்தவர் கை கழுவினாரா என்றால் அதற்கு ஒன்றும் தெரியாது. அதற்காகப் பால்மானியைக் குறை சொல்ல முடியாது. அது விடை சொல்லும் கேள்வி வேறு. நாம் கேட்கும் கேள்வி வேறு. டி.டி.எஸ். பேனாவும் அப்படித்தான். உப்பைக் கேட்டால் உண்மை சொல்லும். நலத்தைக் கேட்டால் விழிக்கும்.

நலத்துக்கு எது அளவு? இந்தியக் குடிநீர்த் தரநிர்ணயமான ஐ.எஸ். 10500 (2012) கரைந்த திடப்பொருளுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாக வைக்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் இந்த எண்ணுக்கு நலம் சார்ந்த வரம்பு எதையும் விதிக்கவில்லை. 600-க்குக் கீழ் இருந்தால் நீரின் சுவை நன்றாக இருக்கும், 1,000-க்கு மேல் போனால் குடிக்கப் பிடிக்காது என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறது. அப்படியிருக்க, 140-ஐக் காட்டி ஒருவரை அச்சுறுத்துவது எந்த நூலிலும் இல்லாத விஞ்ஞானம்.

ஒரு மில்லிலிட்டர் கணக்கு

செயல்விளக்கத்தின் பெரிய குற்றம் இதுவரை சொன்னதில் இல்லை. தேவையற்ற அச்சத்தை ஊட்டியதோடு நில்லாமல், தேவையான அச்சத்தை அது போக்கிவிடுகிறது. எப்படி என்று காண்போம்.

பேனாவில் 20 என்று காட்டிய அந்தப் பளிங்கு நீர் ஒரு லிட்டர் இருக்கட்டும். அதில் ஒரு மில்லிலிட்டர் சாக்கடை நீர் கலந்துவிட்டதாகக் கொள்வோம். வீட்டுச் சாக்கடை நீரில் லிட்டருக்கு ஆயிரம் மில்லிகிராம் உப்பு இருந்தால்கூட, ஒரு மில்லிலிட்டரில் இருப்பது ஒரே ஒரு மில்லிகிராம். பேனா 20-லிருந்து 21-க்குப் போகும். அவ்வளவே.

கிருமிக் கணக்கைப் பாருங்கள். சுத்திகரிக்கப்படாத வீட்டுச் சாக்கடையின் ஒரு மில்லிலிட்டரில், மலத்திலிருந்து வரும் ஈ. கோலி பாக்டீரியங்கள் பத்தாயிரமும் அதற்கு மேலும் இருப்பது வழக்கம். அவை ஒரு லிட்டரில் பரவினால், 100 மில்லிலிட்டரில் ஆயிரம் இருக்கும். தரநிர்ணயம் அனுமதிப்பது எத்தனை? 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஒரு படி ஏறிய எண்ணைப் பார்த்து நாம் நிம்மதியாக இருப்போம். வயிற்றுப்போக்கும் டைபாய்டும் மஞ்சள் காமாலையும் அந்த ஒரு படியில் ஏறி வீட்டுக்குள் வந்துவிடும்.

கண்ணும் நாக்கும் இதில் உதவா என்பதற்கு வரலாற்றுச் சான்று உண்டு. 1854-இல் இலண்டன் நகரில் பிராட் தெருவின் கைப்பம்பு நீரால் காலரா பரவி, அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மருத்துவர் ஜான் ஸ்நோ வீடு வீடாக விசாரித்தபோது ஒரு செய்தி கிடைத்தது. பல கிலோமீட்டர் தொலைவில், காலரா இல்லாத ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் வாழ்ந்த ஒரு மூதாட்டியும் இறந்திருந்தார். அவர் முன்பு பிராட் தெருவில் குடியிருந்தவர். அந்தப் பம்பு நீரின் சுவையை விரும்பி, நாள்தோறும் ஆள் அனுப்பி வரவழைத்துக் குடித்தவர். சுவையான நீர்தான் அவர் உயிரைக் கொண்டுபோயிற்று.

இராஜபாளையத்து நீர் எப்படிப்பட்டது?

இப்போது ஊருக்குத் திரும்புவோம். நீரைத் தெரிந்துகொள்ளாமல் கருவியைத் தேர்ந்தெடுப்பது, நோயைத் தெரிந்துகொள்ளாமல் மருந்து வாங்குவது போன்றது.

இராஜபாளையத்தின் மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. அய்யனார் கோயில் பக்கமாக இறங்கிவரும் மலையாற்று நீர் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் சேர்ந்து நகரின் குடிநீராகிறது. தாமிரபரணிக் கூட்டுக் குடிநீரும் நகருக்கு வருகிறது. இவை இரண்டும் மழையால் பிறந்து, கடினமான பாறைகளின் மேல் விரைந்து ஓடிவரும் நீர். அப்பாறைகள் எளிதில் கரைவதில்லை. அதனால் இத்தகைய ஆற்று நீரில் உப்பு பொதுவாகக் குறைவு. மலைச்சரிவில் காடு இருப்பதால் மண்ணும் அதிகம் அரித்து வருவதில்லை. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டபோது புலிக்காக மகிழ்ந்தோம். அந்தக் காடு நம் குடிநீரின் முதல் வடிகட்டி என்பதையும் நினைத்திருக்க வேண்டும்.

ஆழ்குழாய்க் கிணற்று நீர் வேறு சாதி. அது பாறையின் வெடிப்புகளில் நெடுங்காலம் தங்கி, உப்புகளைக் கரைத்துக்கொண்டு மேலே வருவது. மாவட்டத்தின் கிழக்கே, கரிசல் நிலத்துக் கிணறுகள் பலவற்றில் உவர்ப்பு மிகுதி. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளைப் பொருக்குக் கட்டும். ஒரே தெருவில் ஒரு வீடு நகராட்சி நீரையும் அடுத்த வீடு கிணற்று நீரையும் பயன்படுத்தலாம். அவ்விரு வீட்டுக்கும் ஒரே கருவியை விற்பது எப்படிப் பொருந்தும்?

மலை நீர் என்பதற்காக அது கிருமியற்றது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். விலங்குகள் புழங்கும் காட்டிலிருந்து அது வருகிறது. மக்கள் ஆற்றில் குளிக்கிறார்கள். நகராட்சி குளோரின் கலந்து அனுப்பினாலும் வழியில் இடர் உண்டு. குழாயில் நீர் நின்றுபோகும் நேரங்களில் உள்ளழுத்தம் குறைகிறது. கசிவுள்ள இடத்தில் வெளியே சாக்கடை தேங்கியிருந்தால் அது உள்ளே உறிஞ்சப்படும். கோடையில் தேக்கம் வற்றினால் நீர் வரும் இடைவெளி கூடுகிறது. தரைத்தொட்டியிலும் குடத்திலும் சேமித்து வைப்பதைத் தவிர்க்க முடியாது. தொட்டியைக் கழுவி எத்தனை மாதமாயிற்று? குடத்தில் தம்ளரைப் போட்டு மொள்ளும் கை கழுவிய கையா? இவ்வூர்க் குழாய் நீரைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. உப்பைப் பற்றிய கேள்வி கடைசியில்தான் வரும்.

இரண்டாவது சாட்சி

கிருமியைக் கண்டறிய எளிய சோதனை உண்டா? உண்டு, அதுவும் இந்தியர் கண்டது. 1982-இல் நம் பாதுகாப்புத் துறை ஆய்வாளர்களான மஞ்சா, மௌரியா, ராவ் ஆகிய மூவரும் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் அதை வெளியிட்டனர். பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு சிறு கண்ணாடிப் புட்டி. அதனுள் ஊட்டப்பொருளும் கந்தகம் அடங்கிய ஓர் உப்பும் ஓர் இரும்பு உப்பும் தோய்த்து உலர்த்திய காகிதம். புட்டியில் குறியிட்ட அளவு நீரை ஊற்றி, மூடி, வெதுவெதுப்பான இடத்தில் ஓரிரு நாள் வைக்க வேண்டும். மனிதக் குடலிலும் விலங்குக் குடலிலும் ஈ. கோலியோடு கூடி வாழும் சில பாக்டீரியங்கள் நீரில் இருந்தால், அவை பெருகி ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை வெளியிடும். அந்த வாயு இரும்போடு சேர்ந்தால் இரும்புச் சல்பைடு. புட்டி கன்னங்கரேலென்று ஆகிவிடும்.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். திண்ணைச் செயல்விளக்கத்திலும் நிறம் தருவது இரும்பு. இந்தப் புட்டியிலும் நிறம் தருவது இரும்பு. முன்னதில் இரும்பு தானே கரைந்து, தன் துருவையே நீரின் குற்றமாகக் காட்டுகிறது. பின்னதில் இரும்பு காத்திருக்கிறது. கிருமி வந்து வாயு விட்டால்தான் வாய் திறக்கிறது. முதலாவது, தானே குற்றம் செய்துவிட்டுப் பிறர்மேல் பழி சொல்லும் சாட்சி. இரண்டாவது, கண்டதைச் சொல்லும் சாட்சி.

கண்டதைச் சொல்லும் சாட்சிக்கும் குறுக்கு விசாரணை வேண்டும். இயற்கையாகவே கந்தக வாடையுள்ள சில கிணற்று நீரில், மலக் கலப்பு இல்லாமலே புட்டி கறுக்கலாம். வைரசுகளை இது நேராகக் காட்டாது. இன்று கறுக்காத நீர் நாளை மழைக்குப் பின் கறுக்கலாம். ஆகவே ஐயம் வந்தால் ஆய்வுக்கூடச் சோதனை தேவை. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடங்களில் கட்டணம் செலுத்தி நீரைச் சோதித்துக்கொள்ளலாம். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் கீழ் ஊராட்சிப் பெண்களுக்கு நீர் சோதிக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. அவர்களுக்குத் தரும் சோதனைப் பெட்டியில் இந்தப் புட்டியும் இடம்பெறுகிறது.

மூன்று புட்டிகள் கிடைத்தால் ஒரு வீட்டின் கதையே தெரிந்துவிடும். ஒன்றில் தெருக் குழாய் நீர். இரண்டாவதில் மொட்டைமாடித் தொட்டி நீர். மூன்றாவதில் சமையலறைக் குடத்து நீர். மூன்றும் கறுத்தால் குற்றம் ஊர்க் குழாயில்; நகராட்சியிடம் முறையிட வேண்டும். முதலாவது தெளிந்து மற்ற இரண்டும் கறுத்தால் குற்றம் தொட்டியில். குடம் மட்டும் கறுத்தால் குற்றம் நம் கையில். அந்த வீட்டுக்கு வேண்டியது மூடியும் குழாயும் உள்ள ஒரு பாத்திரம். அதன் விலை சில நூறு ரூபாய்.

ஆர்.ஓ.வுக்கு உரிய இடம்

விமரிசனம் நேர்மையாக இருக்க வேண்டுமானால், ஆர்.ஓ. என்னும் எதிர்ச் சவ்வூடு பரவலுக்கு உரிய பெருமையையும் சொல்ல வேண்டும். உலர்ந்த திராட்சையை நீரில் போட்டால் உப்புகிறது. செறிவு குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்குத் தோல் வழியே நீர் செல்வதே காரணம். உப்பு நீரின் பக்கம் பேரழுத்தம் கொடுத்தால் இந்த ஓட்டம் திரும்பிவிடும். நீர் சவ்வைக் கடந்து வெளிவரும், உப்பு பின்தங்கும். இதற்கேற்ற சவ்வை, இந்தியாவில் பிறந்த சௌரிராஜனும் அமெரிக்கரான சிட்னி லோபும் 1960-ஐ ஒட்டி கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கினர். சென்னைக்கு அருகில் மீஞ்சூரில் 2010-இலும் நெம்மேலியில் 2013-இலும் தொடங்கிய நிலையங்கள், நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் வீதம் கடல் நீரைக் குடிநீராக்க அமைக்கப்பட்டவை. உப்பு மிகுந்த கிணறு, லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு உள்ள கிணறு, 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் உள்ள கிணறு ஆகியவற்றுக்கு ஆர்.ஓ. ஒரு வரப்பிரசாதம். கொதிக்க வைத்தால் இவை நீங்கா. நீர் வற்றச் செறிவுதான் கூடும்.

உப்பு குறைந்த மலை நீருக்கு அதே கருவி எதற்கு? வீட்டு ஆர்.ஓ. கருவிகள் பல, ஒரு லிட்டர் நல்ல நீர் தர மூன்று லிட்டரை வெளியே தள்ளுகின்றன. ஒரு குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லிட்டர் என்று கொள்வோம். வீணாவது 60 லிட்டர். ஓராண்டில் 21,900 லிட்டர். ஆயிரம் வீடுகளில் இரண்டு கோடியே பத்தொன்பது லட்சம் லிட்டர்! மலையிலிருந்து இறங்கி வந்த நல்ல நீரின் முக்கால் பங்கைச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு, கோடையில் குடத்தோடு வரிசையில் நிற்கிறோம்.

இதைக் கருதித்தான் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உப்பு உள்ள இடங்களில் ஆர்.ஓ. பயன்பாட்டைத் தடை செய்யுமாறு 2019 மே மாதம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. மற்ற இடங்களில் முதலில் 60 விழுக்காடு, பின்னர் 75 விழுக்காடு நீராவது மீட்கப்பட வேண்டும் என்றும் கூறியது. நீர் வீணாவதைத் தடுக்க இது நல்ல கோடு. ஆயினும் இக்கோடும் பேனாவின் எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கிறது. 500-க்குக் கீழே உள்ள கிணற்று நீரிலும் புளோரைடு மிகுந்திருக்கலாம். 500-க்குக் கீழ் என்றால் அப்படியே குடிக்கலாம் என்று மக்கள் பொருள் கொண்டுவிடக் கூடாது.

எதிர்த்தரப்பின் மிகைகள்

ஆர்.ஓ.வை எதிர்ப்போரும் சில நேரம் வரம்பு மீறுகிறார்கள். ஆர்.ஓ. நீர் எலும்பை உருக்கிவிடும் என்கிறார்கள். நமக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தின் பெரும்பகுதி பால், கேழ்வரகு, கீரை போன்ற உணவிலிருந்தே கிடைக்கிறது. உப்பு மிகக் குறைந்த நீரை நெடுநாள் குடிப்பது பற்றி ஆய்வாளர்கள் எச்சரித்துள்ளனர் என்பது உண்மை. அதை நஞ்சு என்று கூறுவது மிகை.

செம்புக் குடம் போதும் என்பது மற்றொரு பேச்சு. செம்பில் 16 மணி நேரம் வைத்த நீரில் வயிற்றுப்போக்குக் கிருமிகள் அழிந்ததாக 2012-இல் பெங்களூர் ஆய்வாளர்கள் வெளியிட்டது உண்மை. ஆனால் நேரம்தான் அங்கே மருந்து. காலையில் ஊற்றி மதியம் குடித்தால் பயன் உறுதியில்லை.

துணியில் வடிகட்டுவதையும் பழமை என்று தள்ளிவிட முடியாது. வங்கதேசக் கிராமங்களில் ரீட்டா கால்வெல் குழுவினர் நடத்திய ஆய்வில், பழஞ்சேலையை மடித்து வடிகட்டிய வீடுகளில் காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. முடிவுகள் 2003-இல் வெளியாயின. காலராக் கிருமி மிதவை உயிரிகளின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். துணி அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவமனைக் கட்டுத்துணி நெய்யும் தறிகள் ஏராளம். அந்தத் துணி இதற்கு உதவுமா என்று கேட்கத் தோன்றும். உதவாது, அதன் கண்கள் பெரியவை. பலமுறை துவைத்து இழை பருத்த பழஞ்சேலையின் கண்கள்தான் சிறுத்திருக்கும். அதுவும் நான்கு மடிப்பாக இருக்க வேண்டும். தனித்து மிதக்கும் கிருமியையும் வைரசையும் இத்துணியும் விட்டுவிடும். பாதி பாதுகாப்பு முழுப் பாதுகாப்பாகாது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

நகராட்சி ஆற்று நீர் வரும் வீட்டுக்குக் கிருமி நீக்கமே முதல் தேவை. கொதிக்க வைப்பது இன்றும் மிக நம்பகமான வழி. குமிழிகள் தளதளவென்று எழும் வரை கொதித்து, அதே பாத்திரத்தில் மூடியபடி ஆற வேண்டும். எரிவாயுச் செலவு கருதுவோர் புறஊதா விளக்குள்ள கருவியை வாங்கலாம். ஆனால் கலங்கல் நீரில் ஒளி ஊடுருவாது. மழைக்காலத்தில் முதலில் தெளியவைத்து வடிகட்டிய பிறகே அதில் செலுத்த வேண்டும். நம் முன்னோர் தேற்றாங்கொட்டையை இழைத்துத் தெளியவைத்தது இந்த முதற்படிதான்; தெளிதல் வேறு, கிருமி நீங்குதல் வேறு. புறஊதாக் கருவியை விட்டு வெளிவந்த நீருக்கு மேற்கொண்டு காவல் எதுவும் இல்லை. அழுக்குக் குடத்தில் பிடித்தால் பயன் போயிற்று. குளோரின் மாத்திரைக்கு அந்தக் காவல் உண்டு. உறையில் எழுதிய அளவுப்படி போட்டு, அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். குழாய் நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும் என்பது தரநிர்ணயம். அந்த மெல்லிய வாடையைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம். அது காவலாளியின் காலடி ஓசை.

கிணற்று நீர் ஒன்றே வழி என்றால், முதற்செலவு கருவிக்கு அல்ல, ஆய்வுக்கூடச் சோதனைக்கு. உப்பு, கடினத்தன்மை, புளோரைடு, நைட்ரேட் ஆகிய நான்கின் அளவையும் கேட்டு வாங்குங்கள். அவை வரம்பை மீறினால் ஆர்.ஓ. வாங்குங்கள், குடிக்கவும் சமைக்கவும் மட்டும் பயன்படுத்துங்கள். வெளியேறும் நீரை வாளியில் பிடித்துத் தரை கழுவவும் கழிப்பறைக்கும் ஊற்றுங்கள். சவ்வை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் கருவியே கிருமிக் கூடாகிவிடும் என்பதையும் மறவாதீர்கள்.

அடுத்த முறை கம்பிப் பெட்டியோடு ஒருவர் வந்தால் சண்டையிட வேண்டாம். அவரும் வயிற்றுப்பாட்டுக்கு வந்தவர். அவரை உட்கார வைத்து, அவர் கொண்டுவந்த தெளிந்த நீரில் இரண்டு சிட்டிகை உப்பைப் போட்டு, மீண்டும் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். வீட்டுப் பிள்ளைகளும் உடனிருந்து பார்க்கட்டும். நிறம் மாறியதும், ஏன் மாறியது என்று அவர்களே கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு விடை தேடும் பிள்ளை, வளர்ந்த பின் எந்தத் திண்ணையிலும் எளிதில் ஏமாறாது.